முதல்ல நிக்கணும், அப்புறம்தான் ஓடணும்: தாத்தாவின் பத்மினியைத் தினசரி வண்டியாக்கின கதை



எங்க வீடு சேலம் பக்கம். வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டில் ஒரு 1978 பிரீமியர் பத்மினி நின்னுட்டு இருந்துச்சு. தாத்தா புதுசா வாங்கின வண்டி. 2023-ல் ஆர்.சி. புதுப்பிக்கக் கொண்டு போனதுதான் அது கடைசியா வெளியே வந்தது. அப்புறம் தாத்தாவுக்குக் கண் பிரச்சினை, ஓட்டுறதை விட்டுட்டார். போன வருஷம் பழைய இரும்புக்காரர் வந்து எடைக்கு விலை பேசினார். அப்பாவும் சரின்னுட்டார்.

இன்னொரு பக்கம், எங்க அம்மா டீச்சர். ஸ்கூல் 18 கிமீ. ரெண்டு பஸ் மாறணும். 6.40 பஸ்ஸை விட்டா அன்னைக்கு லேட்தான். "நான் மெக்கானிக்கல் தேர்ட் இயர்மா, இந்த வண்டியை ரெடி பண்ணித் தர்றேன், நீங்களே ஓட்டிட்டுப் போங்க"ன்னு வாய் விட்டுட்டேன். அம்மா ஒண்ணுதான் கேட்டாங்க: "தினமும் ஓட்டுற மாதிரி ஆகுமா? ஞாயித்துக்கிழமை போட்டோ எடுக்கிற வண்டி எனக்கு வேண்டாம்."

அந்த ஒரு கேள்விக்கு பதில் கண்டுபிடிக்க எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு. அதுல கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறேன். உங்க வீட்டில் பழைய ஃபியட், அம்பாசிடர், ஹெரால்டு எது நின்னாலும் இதே வரிசை உதவும்.

முதல் தப்பு

பேட்டரி மாத்தி, டேங்க் கழுவினதுமே வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. உடனே நான் வாங்கினது என்ன தெரியுமா? சீட் கவர், வீல் கப், ப்ளூடூத் செட். மூணு பசங்களை ஏத்திக்கிட்டு நேரா ஏற்காடு.

ஏறும்போது ஒண்ணும் தெரியலை. இறங்கும்போது பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டேன். பாதி மலை இறங்கியிருப்போம், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி ஆச்சு. அடுத்த வளைவில் மிதிச்சா பெடல் தரை வரைக்கும் போகுது, வண்டி நிக்கலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, செகண்ட் கியரைத் திணிச்சு, மலைப் பக்கத்து ஓடையில் இடது சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். யாருக்கும் அடி இல்லை. பின் சீட்டில் இருந்த நண்பன் ஒரு வார்த்தை பேசலை. பஸ் பிடிச்சுக் கீழே போயிட்டான்.

ஆச்சரியம் என்னன்னா, அரை மணி நேரம் கழிச்சு பெடல் பழையபடி கெட்டியா இருந்துச்சு. எங்கேயும் லீக் இல்லை. அப்போ என்னதான் பழுது?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டி சுமார் 900 கிலோ, நாங்க நாலு பேர், மொத்தம் 1,200 கிலோன்னு வையுங்க. மணிக்கு 60 கிமீ வேகத்தில் வர்ற இந்த வண்டியை நிறுத்தினா பிரேக் உறிஞ்ச வேண்டிய ஆற்றல் சுமார் 1.67 லட்சம் ஜூல். ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் உயர வித்தியாசம் ஏறக்குறைய 1,200 மீட்டர். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா 1.41 கோடி ஜூல். அதாவது 60 கிமீ வேகத்திலிருந்து 85 தடவை தொடர்ந்து முழுசா நிறுத்தினதுக்குச் சமம்! காத்தும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கும். கியர்ல இறங்கியிருந்தா இன்ஜினும் பெரிய பங்கை வாங்கியிருக்கும். நியூட்ரல்ல விட்டதால மிச்சம் மொத்தமும் நாலு டிரம்முக்குள்ள சூடா இறங்கிடுச்சு.

அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயிலுக்கு ஒரு குணம் உண்டு, காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிடும். கொதிச்சா லைனுக்குள்ள ஆவிக் குமிழ். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நான் மிதிச்சது எல்லாம் அந்தக் குமிழை அமுக்கத்தான் சரியா போச்சு. ஆறினதும் ஆவி திரும்பத் திரவமாச்சு, பெடலும் திரும்பி வந்துச்சு.

தாத்தாகிட்ட சொன்னேன். திட்டலை. "ஏறுற கியர்லதான்டா இறங்கணும்"னு மட்டும் சொன்னார்.

ரெஸ்டோரேஷன் வேற, தினசரி வண்டி வேற

ரெஸ்டோரேஷன்னா ஃபேக்டரியில் இருந்து வந்த மாதிரியே ஆக்குறது. ஸ்க்ரூ தலைகூட மாறக் கூடாது. தினசரி வண்டிக்கு அளவுகோல் வேற: காலையில் ஸ்டார்ட் ஆகணும், மழையில் லைட் தெரியணும், சிக்னல்ல சூடாகக் கூடாது, வழியில் நின்னா உள்ளூர் கடையிலேயே பார்ட் கிடைக்கணும்.

பத்மினி அடிப்படையில் இத்தாலியின் ஃபியட் 1100. பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தயாரிச்சது. 1974-ல் பத்மினின்னு பேர் வந்து, 2000 வாக்கில் உற்பத்தி நின்னுச்சு. மும்பை ரோட்டில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாவே பல வருஷம் ஓடி, 2023 அக்டோபரோட அந்த டாக்ஸி காலமும் முடிஞ்சுது. டாக்ஸியா உழைச்ச வண்டிங்கிறதால எளிமையான டிசைன். இன்ஜின் 1,089 சிசி, போர் 68 மிமீ, ஸ்ட்ரோக் 75 மிமீ, சுமார் 40 குதிரைத் திறன். முன்னாடி காயில் ஸ்பிரிங், பின்னாடி பட்டை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். கியர் ஸ்டீயரிங் பக்கத்தில்.

எங்க ஏரியா மெக்கானிக் பாய் எனக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுத்தார். "தம்பி, முதல்ல நிக்கணும். அப்புறம் நேரா போகணும். அப்புறம் கண்ணு தெரியணும். அப்புறம் சூடாகக் கூடாது. இதெல்லாம் ஆன பிறகுதான் வேகத்தைப் பத்திப் பேசணும்."

பாடி: பெயிண்டுக்குக் கீழே பாருங்க

பத்மினிக்குத் தனி சேஸிஸ் கிடையாது, மோனோகாக். பாடியேதான் எலும்புக்கூடு. அதனால ஃப்ளோர்லயும், கதவுக்குக் கீழே ஓடுற பெட்டி மாதிரியான பகுதியிலயும் துரு வந்தா, அழகு மட்டும் இல்ல, பலமும் போச்சு. ஒரு சின்னக் காந்தத்தை துணியில் சுத்தி பாடி முழுக்க நகர்த்துங்க. எங்கே ஒட்டலையோ அங்கே தகடு இல்லை, பட்டிதான் இருக்கு.

எங்க வண்டியில் டிரைவர் பக்க ஃப்ளோரும், பின் பட்டை மாட்டுற இடத்தில் ஒரு பக்கமும் போயிருந்துச்சு. டிங்கர் அண்ணன் துருப் பிடிச்ச இடத்தை நல்ல தகடு தெரியுற வரைக்கும் வெட்டி, புதுத் தகடு வெல்டு வெச்சார். மேல இன்னொரு தகடு வெச்சு மூடுறது வேண்டாம். நடுவில் தண்ணி தங்கி, இன்னும் வேகமா அரிக்கும். கதவுக்கு அடியில் இருக்கிற தண்ணி வடியுற ஓட்டைகளையும் குத்தித் திறந்துவிட்டோம். காசு செலவில்லாத வேலை, ஆனா பாதித் துருவுக்குக் காரணமே அந்த அடைப்புதான்.

சீட் பெல்ட்டும் இப்பவே போட்டாச்சு. மெல்லிய ஃப்ளோர் தகட்டில் வெறும் போல்ட் போட்டா, விபத்தில் போல்ட் தகட்டைக் கிழிச்சுக்கிட்டு வெளியே வந்துடும். அடியில் கனமான தகடு வெச்சு, விசையைப் பரப்பித்தான் மாட்டணும்.

பிரேக்: ஒண்ணை மாத்தினா நாலு மாறும்

டிஸ்க் பிரேக் போடணும்னு எனக்கு ரொம்ப ஆசை. பாய் ஒவ்வொரு கேள்வியா கேட்டார். டிரம்முல சக்கரம் சுத்துற வேகமே ஒரு ஷூவை இழுத்து இன்னும் இறுக்கும். டிஸ்க்குல அந்த உதவி இல்லை, அதனால அழுத்தம் அதிகம் வேணும். அதுக்கு பூஸ்டர் வேணும். கேலிப்பருக்கு ஆயில் அளவு அதிகம் வேணும், அதனால மாஸ்டர் சிலிண்டர் மாறணும். டிரம் லைனில் கொஞ்சம் அழுத்தம் எப்பவும் தங்குற மாதிரி ஒரு வால்வு இருக்கும். அதை அப்படியே டிஸ்க்குக்கு விட்டா பேடு உரசிக்கிட்டே இருக்கும். முன்னாடி மட்டும் பிடிப்பு கூடினா முன் பின் பேலன்ஸ் கெடும். எல்லாத்துக்கும் கணக்குப் போட்டுச் செஞ்சா அருமையான மாற்றம். பாதியில் விட்டா பழசை விட ஆபத்து.

அம்மா போற ரோடு சமவெளி. 50, 60 வேகம். அதுக்கு நல்ல நிலையில் இருக்கிற டிரம்மே போதும்னு முடிவு பண்ணோம். செஞ்சது இவ்வளவுதான்: டிரம்மை லேத்தில் போட்டு வட்டம் சரி பார்த்தோம். புது லைனிங்கை டிரம் வளைவுக்கு ஏத்த மாதிரி உரசி உட்கார வெச்சோம். வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், இரும்பு லைன் எல்லாம் புதுசு. ஆயில் டாட் 4, அதுக்குப் புதுசில் 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகும் 155.

ஒரே ஒரு பெரிய மாற்றம் மாஸ்டர் சிலிண்டர். எங்க வண்டியில் ஒரே சர்க்யூட். எங்கே ஒரு லீக் வந்தாலும் நாலு சக்கரமும் காலி. அதே போர் அளவுள்ள டேண்டம் சிலிண்டர் போட்டு, முன் சக்கரத்துக்கு ஒரு லைன், பின் சக்கரத்துக்கு ஒரு லைன்னு பிரிச்சோம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும். மொத்த ப்ராஜெக்ட்ல எனக்கு நிம்மதியான தூக்கம் கொடுத்தது இந்த வேலைதான்.

கரண்ட்: பல்பை மாத்தாதீங்க, வயரை மாத்துங்க

ராத்திரி ஹெட்லைட் மெழுகுவத்தி மாதிரி எரிஞ்சுது. எல்.இ.டி. பல்பு போட்டுடலாம்னு நினைச்சேன். பழைய ரிஃப்ளெக்டர் ஃபிலமென்ட் இருக்கிற இடத்துக்குன்னு வடிவமைச்சது. அதில் எல்.இ.டி. போட்டா ஒளி சிதறி எதிர்ல வர்றவர் கண்ணைக் குருடாக்கும், நமக்கு ரோடும் தெரியாது.

மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தப்போதான் விஷயம் புரிஞ்சுது. பேட்டரியில் 12 வோல்ட், பல்புல 10.8. இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜின் ஏறக்குறைய 3.4-ஆம் அடுக்குக்கு ஏத்த மாதிரி மாறும். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைஞ்சா வெளிச்சம் 30 சதவீதம் போயிடும். பல்புக்குப் போற மொத்தக் கரண்டும் 47 வருஷப் பழைய வயர், டேஷ்போர்டு சுவிட்ச் வழியா சுத்திக்கிட்டுப் போறதுதான் காரணம். ரெண்டு ரிலே, தடிமனான வயர், ஒரு ஃபியூஸ் போட்டு, பேட்டரி பக்கத்திலிருந்தே நேரா கொடுத்தோம். சுவிட்ச் இப்போ ரிலேவை மட்டும்தான் இயக்குது. அதே பல்பு, ஆனா ரோடு பளிச்.

அடுத்து டைனமோ. இதுல முழுக் கரண்டும் சுத்துற ஆர்மேச்சர்ல உருவாகி, கார்பன் பிரஷ் வழியா வெளியே வரணும். அதனால ரொம்ப வேகமா சுத்த விட முடியாது, ஐடிலிங்ல சார்ஜே வராது. ஆல்டர்னேட்டர்ல கரண்ட் உருவாகுறது நிலையா இருக்கிற ஸ்டேட்டர்ல. பிரஷ் வழியா போறது சின்ன ஃபீல்டு கரண்ட் மட்டும். சின்னப் புல்லி போட்டு வேகமா சுத்த விடலாம், சிக்னல்ல நிக்கும்போதும் சார்ஜ் ஆகும். சின்ன காரோட ஆல்டர்னேட்டர் ஒண்ணை பிராக்கெட் செஞ்சு மாட்டினோம். இங்கேயும் அதே பாடம்தான்: கரண்ட் கூடினதால சார்ஜிங் வயரையும் தடிமனா மாத்தணும். பழைய வயரை விட்டா தீப்பிடிக்கும்.

இன்ஜின்: திறக்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

"ரீபோர் பண்ணிடலாம்"னு நிறைய பேர் சொன்னாங்க. நாங்க முதல்ல கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தோம். மூணு சிலிண்டர்ல 115 பி.எஸ்.ஐ. சுத்தி வந்துச்சு, மூணாவதுல மட்டும் 75. ஸ்பார்க் பிளக் ஓட்டை வழியா அதுக்குள்ள ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுத்தோம். ரிங் தேய்ஞ்சிருந்தா ஆயில் இடைவெளியை அடைச்சு அளவு ஏறியிருக்கும். ஏறலை. அப்போ கசிவு வால்வுல. ஹெட்டை மட்டும் கழட்டினா போதும்!

கழட்டினா, எக்ஸாஸ்ட் வால்வு சீட் குழிஞ்சிருந்துச்சு. அந்தக் காலத்துப் பெட்ரோல்ல ஈயம் கலந்திருந்தாங்க. அது வால்வுக்கும் சீட்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி படியும். உடம்புக்கு விஷம்ங்கிறதால 2000-ஓட இந்தியாவில் ஈயப் பெட்ரோல் நின்னுச்சு, அது நல்லதுதான். ஆனா பழைய சீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு போச்சு. லேத் பட்டறையில் கடினமான சீட் வளையம் இறக்கி, வால்வு உரசி, ஹெட் ஃபேசிங் பண்ணி மாட்டினோம். மூணாவது சிலிண்டரும் மத்ததோட சேர்ந்துடுச்சு. ரீபோர் செலவு மிச்சம். பாயின்ட் செட்டை எடுத்துட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் போட்டோம். இடைவெளியை அடிக்கடி செட் பண்ற வேலை இல்லை.

இ20 பெட்ரோலும் கார்புரேட்டரும்

இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோல் முழுசா எரிய 1 கிலோவுக்கு 14.7 கிலோ காத்து வேணும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும். கலவைக்குக் கணக்குப் போட்டா சுமார் 13.5. புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈ.சி.யூ. தானா எரிபொருளைக் கூட்டிக்கும். கார்புரேட்டருக்கு மூளை இல்லை, ஜெட் ஓட்டை என்ன அளவோ அதேதான். அதனால கலவை ஏறக்குறைய 8 சதவீதம் லீன் ஆகும். ஆக்சிலேட்டர் மிதிச்சா திணறும், சூடும் கூடும். மெயின் ஜெட்டை ஒரு அளவு பெருசாக்கி, ஓட்டிப் பார்த்து, பிளக் நிறம் பார்த்து செட் பண்ணோம்.

இன்னொண்ணு, எத்தனால் பழைய ரப்பரை ஊற வெச்சு உதிர்க்கும். டேங்க்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் எல்லா ஹோஸும், பம்ப் டயாஃப்ரமும் எத்தனால் தாங்குற ரகமா மாத்தினோம். இன்ஜின் ரூம்ல பெட்ரோல் ஹோஸ் வெடிச்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை. இதைத் தள்ளிப் போடாதீங்க.

ஏப்ரல் வெயில்ல இன்னொரு தொல்லை வந்துச்சு. டிராஃபிக்ல நின்னு கிளம்பினா வண்டி ஆஃப். பெட்ரோல் பம்ப் சூடான இன்ஜின் மேலேயே உட்கார்ந்திருக்கு, உள்ளே பெட்ரோல் ஆவியாகிடுது. ஆமாம், ஏற்காட்டில் பிரேக் ஆயிலுக்கு ஆன அதே கதை! டேங்க் பக்கம் ஒரு எலெக்ட்ரிக் பம்ப் வெச்சோம். அது லைனை அழுத்தத்தில் வெச்சிருக்கும், ஆவி உருவாகாது. கார்புரேட்டருக்கு ஏத்த குறைந்த அழுத்த பம்ப்தான் வேணும், இன்ஜெக்‌ஷன் வண்டி பம்பைப் போட்டா ஊத்திடும். இன்ஜின் நின்னா பம்பும் தானா நிக்கிற மாதிரி ரிலே கட்டாயம். ரேடியேட்டரை சுத்தம் பண்ணி, தெர்மோ சுவிட்சோட எலெக்ட்ரிக் ஃபேனும் போட்டாச்சு. ஐடிலிங்ல பெல்ட் ஃபேன் மெதுவா சுத்தும், ஆனா அப்போதான் காத்து அதிகம் தேவை. புது ஆல்டர்னேட்டர் இல்லாம இந்த ஃபேனை ஓட்டியிருக்க முடியாது.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கமும் பாருங்க

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019-ல் இதை உறுதியாச் சொல்லியிருக்கு. இன்ஜினை மாத்தணும்னா முன்கூட்டியே அனுமதி வேணும். வேற இன்ஜின் இறக்கிட்டு அப்புறம் பார்த்துக்கலாம்னு நினைச்சா, இன்ஷூரன்ஸ் கிளெய்ம் பண்ணும்போது மாட்டிப்பீங்க. நாங்க அதே இன்ஜின், அதே நம்பரோட நிறுத்திக்கிட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தனியார் காருக்கு ஆர்.சி. 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். எங்க வண்டிக்கு அடுத்தது 2028. அதே வருஷம் அதுக்கு 50 வயசும் ஆகுது. 50 வயசு தாண்டின வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு இருக்கு, நம்பர் பிளேட்ல 'வி.ஏ.' எழுத்து வரும். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாற்றம் இல்லாம ஒரிஜினலா இருக்கணும். முக்கியமா, விண்டேஜ் பதிவு வண்டியை வழக்கமான தினசரி பயணத்துக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, ரேலி, பராமரிப்பு மாதிரி தேவைக்குத்தான். அதனால அம்மா ஸ்கூலுக்குப் போற வரைக்கும் எங்களுக்குச் சாதாரண பதிவுதான்.

கடைசியா

செலவு? ரெண்டு புது பைக் வாங்கியிருக்கலாம், உண்மையை மறைக்க வேண்டாம். ஏ.சி. போடலை. 40 குதிரையில் கம்ப்ரஸருக்குக் கொடுத்தா மிச்சம் என்ன இருக்கும்? பெயிண்டும் இன்னும் அடிக்கலை, வெல்டு வெச்ச இடத்தில் பிரைமரோடதான் ஓடுது. புது வண்டியில் இருக்கிற ஏர்பேக், ஏ.பி.எஸ். இதில் வராது. அதைத் தெரிஞ்சுதான் 60-க்கு மேல போறதில்லைன்னு அம்மாவும் நானும் பேசி வெச்சிருக்கோம்.

பார்ட்ஸுக்கு சென்னை புதுப்பேட்டை ரெண்டு தடவை போனேன். மாத்தின ஒவ்வொரு பார்ட்டும் எந்த வண்டியோடது, என்ன அளவுன்னு ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டில் வெச்சிருக்கோம். நான் காலேஜ்ல இருக்கும்போது வண்டி நின்னா, எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்து வேலை செய்யலாம். ஞாயித்துக்கிழமை காலையில் பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில், ரேடியேட்டர் தண்ணி, டயர் காத்து நாலையும் பார்த்து அதே நோட்டில் எழுதுறது தாத்தாவோட வேலை. பூதக்கண்ணாடி வெச்சுக்கிட்டுப் பார்த்து எழுதுறார்.

அம்மா இப்போ 7.45-க்குக் கிளம்புறாங்க. நாலு மாசத்தில் ஒரு தடவை நின்னுச்சு, ஃபேன் ஃபியூஸ். நோட்டைப் பார்த்து அவங்களே மாத்திட்டு, ஸ்கூலுக்குப் போன பிறகுதான் எனக்கு போன் பண்ணாங்க.

உங்க வீட்டு ஷெட்லயும் ஒரு வண்டி நின்னா, சீட் கவர் வாங்குறதுக்கு முன்னாடி டிரம்மைக் கழட்டிப் பாருங்க நண்பர்களே.